பாதி உறங்கும் நொதி

1950-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில், டப்பாவில் அடைத்து விற்கப்பட்ட ஒருவகைப் பாலையே ஆகாரமாகக் கொண்டு வளர்ந்த பச்சிளங் குழந்தைகள் சிலருக்கு, ஜுரமோ வேறு வியாதியோ இல்லாமலே வலிப்புக் கண்டது. கிருமிகளைக் கொல்வதற்காகப் பாலுக்கு ஏற்றிய உஷ்ணம் அதிலிருந்த பி6 வைட்டமினையும் அழித்துவிட்டிருந்தது என்பது பின்னர் தெரிந்தது. அந்த வைட்டமினைக் கொடுத்ததும் வலிப்பு நின்றது.

அற்பமான ஒரு வைட்டமினுக்கும் மூளையின் கொந்தளிப்புக்கும் என்ன சம்பந்தம்? நரம்பணுக்களைத் தூண்டிவிடும் பொருள்களுள் பிரதானமானது குளுட்டமேட். அவற்றை அடக்கிச் சாந்தப்படுத்துவது, மூளையில் இருப்பதாக யூஜீன் ராபர்ட்ஸ் முதலியோர் 1950-இல் அறிவித்த காபா. விசித்திரம் யாதெனில், முன்னதிலிருந்தே பின்னது பிறக்கிறது. குளுட்டமேட்டின் ஒரு பகுதியைக் கரியமில வாயுவாகக் கழற்றிவிட்டு அதைக் காபாவாக மாற்றுவது குளுட்டமேட் டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதி. பி6-இலிருந்து உண்டாகும் பைரிடாக்சால் பாஸ்பேட் என்ற துணைப்பொருள் வந்து சேர்ந்தாலன்றி அந்த நொதி தன் காரியத்தைத் தொடங்குவதில்லை.

இந்நொதிக்கு, மூலக்கூற்று எடையையொட்டி 65, 67 எனப் பெயர்பெற்ற இரு வடிவங்கள் உண்டு. 67 பெரும்பாலும் துணைப்பொருளோடு கூடியே இருந்து நித்தியத் தேவைக்கான காபாவை ஆக்கிவருகிறது. நரம்பு முனைகளில் மிகுந்திருக்கும் 65-லோ கணிசமான பங்கு துணையின்றிச் சும்மா கிடக்கிறது. வினை எப்போதேனும் வழிதவறிச் செல்லும்போது துணைப்பொருள் உருமாறி விலகிவிடுவதே இதற்குக் காரணம். அப்படி வெறுமையான நொதியை மீண்டும் எழவிடாமல் அணுக்களின் சக்தி நாணயமான ஏடிபி தடுக்க, தனித்த பாஸ்பேட் அதை எழுப்பத் துணைநிற்கிறது. இதைக் குறைபாடு என்று எண்ணத் தோன்றும். தேவை மிகும் சமயத்தில் உடனே எழுப்புவதற்கென வைத்த சேமிப்பு என்று கொள்வதே எனக்கு உசிதமாகப் படுகிறது. 67 இல்லாத எலிக்குட்டிகள், அண்ணம் பிளவுபட்டு, பிறந்தவுடன் மாண்டன. 65 இல்லாதவை பிழைத்தன, ஆனால் எளிதில் வலிப்புக்கு ஆளாயின.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களிலும் 65 உண்டு. தேகத்தின் தற்காப்புச் சக்தி தன் உடைமையையே பகையென மயங்கும் முதல் வகை நீரிழிவில், இந்த 65-க்கு எதிரான ஆன்டிபாடிகள், நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ரத்தத்தில் தென்படுவதுண்டு. ஆயினும் அவற்றையே குற்றவாளிகளாகக் கொள்வது அவசரமாகும். அணுக்களை அழிப்பதில் முதன்மையானவை டி செல்கள், ஆன்டிபாடிகளோ மருத்துவருக்குக் கிடைத்த முன்னறிகுறி.