பொடக்காலி – 11: நீச்சல் குளத்தை மூடுகிறவர்களுக்கு

கோயமுத்தூரை ஒட்டிய ஆனைகட்டி சாலையிலும் தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கமும் தோட்டத்து வீடு கட்டியவர்கள் சிலர், பிள்ளைகள் லீவுக்கு வந்தால் குளிக்கட்டும் என்று ஆசையாக நீச்சல் குளமும் கட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். மோட்டாரும் ஃபில்டரும் ஓட்டினால் கரன்ட் செலவு, ஓட்டாமல் விட்டால் பாசியும் கொசுவும். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற பூமியில் இது எதற்கு என்று இப்போது மூடுகிறார்கள். நல்ல முடிவுதான். மூடுகிற விதம்தான் மனதை உறுத்துகிறது.

ஜேசிபி வருகிறது. இடித்த கான்கிரீட்டை டிப்பர் ஏற்றிப்போய் ஏதோ ஒரு ஓடையிலோ குளத்தங்கரையிலோ கொட்டுகிறது. திரும்பி வரும்போது செம்மண் கொண்டுவருகிறது. 25 அடி நீளம், 12 அடி அகலம், 5 அடி ஆழமுள்ள குளத்தை நிரப்ப 1,500 கன அடி, அதாவது 15 யூனிட் மண் வேண்டும். அந்த மண்ணும் யாரோ ஒருவரின் நிலத்திலிருந்துதான் வருகிறது. ஆனைகட்டி போகிற வழியிலேயே சின்னத்தடாகம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டிய குழிகளைப் பார்த்தவர்கள் இன்னொரு லோடு மண்ணுக்கு மனமாரச் சொல்லமாட்டார்கள். 2021-இல் சூளைகள் மூடப்பட்டன. குழிகள் அப்படியேதான் கிடந்தன.

இடிபாடு வாசலைத் தாண்டக் கூடாது. குளத்தை நிரப்பும் பொருளில் ஒரு பகுதி குளத்துக்குள்ளேயே இருக்கிறது.

குளோரின் போட்ட தண்ணீரைச் சில நாள் வெயிலில் விட்டுவைத்து, பிறகு மரங்களுக்குப் பாய்ச்சலாம். உப்பு முறையில் சுத்திகரித்த குளமென்றால் வேண்டாம், மண் கெடும். அடுத்தது தரை. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். “தரைய ஒடைக்காம மூடுனீங்கன்னா உள்ளுக்குள்ள தொட்டியாத்தானுங்க இருக்கும்” என்று விவரம் தெரிந்த கொத்தனார் சொல்வார். பெய்த மழை அடியில் தேங்கி, மேலே வைத்த செடியின் வேர் அழுகும். தரையைப் பரவலாக உடைத்துத் தண்ணீர் இறங்க வழிவிட வேண்டும். பக்கச் சுவரை மேலிருந்து மூன்றடி இடித்து உள்ளேயே தள்ளலாம். பெரிய கட்டிகள் அடியில், சின்னச் சல்லி அதன்மேல், மீதிக்கு மட்டும் மண். ஓரடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டால்தான் பின்னால் பள்ளம் விழாது. மேல்மண்ணுக்குக் கரிசல் ஆகாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும்.

உடைத்த கம்பியை இரும்புக்கடையில் எடைக்குப் போடாதீர்கள். புடலைக்கும் அவரைக்கும் பந்தல் போட அதுவே போதும். பந்தலுக்குக் கால் வேண்டுமா? தொண்டாமுத்தூர்ப் பக்கம் திராட்சைப் பந்தலைத் தாங்கிய கல்கால்களைப் பாருங்கள். தோட்டம் சைட்டாகும் இடங்களில் பிடுங்கிப்போட்ட கல்கால் கிடைக்கும், கரையானுக்கும் மழைக்கும் அசையாது. நடைபாதைக்குத் தேய்ந்த கிரைண்டர்களின் அடிக்கல் உண்டு. ஊத்துக்குளிக் கல்லில் வந்த கோயமுத்தூர் கிரைண்டர் எந்த வீட்டில்தான் இல்லை? வட்டமான அந்தக் கல்லின் கொத்து விழுந்த முகம் மேலே இருக்கும்படி பதித்தால் மழைநாளில் கால் வழுக்காது. நடுத்துளையில் புல் முளைத்து வரும்.

நீல டைல்ஸ் சில்லுகளை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒருவரைக் காட்ட விரும்புகிறேன். நேக் சந்த், சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். புதிய நகரத்துக்காக இடித்த கிராமங்களின் மிச்சங்களையும் உடைந்த பீங்கான், வளையல் துண்டுகளையும் 1950-களின் இறுதியிலிருந்து காட்டுக்குள் சேர்த்துச் சிலைகளாக்கினார். அரசு நிலத்தில், யாருக்கும் தெரியாமல். 1970-களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்கத்தான் நினைத்தார்கள். மக்கள் விடவில்லை. 1976-இல் அது ராக் கார்டனாகத் திறக்கப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பொடக்காலியில், அதாவது புழக்கடையில், ஒரு திண்ணையை இந்தச் சில்லுகளால் இழைக்க அவ்வளவு பொறுமைகூடத் தேவையில்லை.

முழுக்குழியையும் மூடிவிடாதீர்கள் என்பதுதான் என் முக்கியமான வேண்டுகோள். ஒரு மூலையில் ஐந்தடிச் சதுரத்துக்கு மண் போடாமல் கட்டியும் சல்லியும் மட்டும் நிரப்பி, கூரைத் தண்ணீரை அங்கே இறக்குங்கள். ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவது ஏறக்குறைய 55,000 லிட்டர். மேலே அளவு சொன்ன குளம் முழுவதும் நிரம்ப சுமார் 42,000 லிட்டர்தான் ஆகும். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பிய குளத்தைவிட அதிகத் தண்ணீர் வருடாவருடம் நம் தலைக்குமேலேயே வந்துகொண்டிருந்திருக்கிறது!

சித்திரையில் வேலையைத் தொடங்கினால், மண் அடங்க ஆடி, ஆவணி வரை நேரம் கிடைக்கும். ஐப்பசி மழையோடு நடலாம். கான்கிரீட்டுச் சுண்ணாம்பு மண்ணில் இறங்குமாதலால் எலுமிச்சை இலை மஞ்சளடிக்கும், அதைத் தள்ளி நடுங்கள். முருங்கை தாங்கும். எல்லைக்குக் காங்கேயத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நில) வழக்கப்படி கிளுவைப் போத்து நட்டால் போதும், முள்கம்பி வேண்டாம். மூடிய குளத்தின்மேல் அறை கட்டும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நிரப்பிய மண் இன்னும் சில மழைக்காலங்களுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

(தொடரும்)