பழைய பிளாட்டை இடித்துக் கட்டினால் லாபமா? ரோட்டு அகலம்தான் பதில் சொல்லும்!

சென்னையில் 30, 40 வருஷத்துக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான். "இடிச்சிட்டு புதுசா கட்டலாமா? பில்டர் எவ்வளவு கூடக் கொடுப்பார்?"

முன்பெல்லாம் ஒருத்தர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுவிடும். 2024-ல் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும். 12 வீட்டில் 8 பேர் தலையாட்டினால் கடப்பாரை இறங்கலாம்!

ஆனால் பில்டருக்குக் கட்டுப்படியாக வேண்டுமே? அங்கேதான் இருக்கிறது சங்கதி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 4 கிரவுண்டு மனை, அதாவது 9,600 சதுர அடி. பழைய விதிப்படி மனை அளவைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம். ஆளுக்கு 1,200 அடி வீதம் 12 வீடு, மொத்தம் 14,400 அடி. 2019 விதியில் சாதாரண கட்டிடத்துக்கே இது 2 மடங்கு ஆனது. இப்போது 19,200 அடி கட்டலாம். பழைய ஆட்களுக்கு 14,400 போக, பில்டர் விற்க மிஞ்சுவது 4,800 அடிதான்.

கட்ட அடிக்கு 3,000 ரூபாய், விற்பது 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 5 கோடியே 76 லட்சம். வரவு 4 கோடியே 80 லட்சம். அம்போ! 96 லட்சம் கையைக் கடிக்கிறது.

ரோடுதான் ராஜா

அரசுக்குப் பணம் கட்டினால் 'பிரிமியம் எப்.எஸ்.ஐ.' என்று கூடுதலாகக் கட்ட அனுமதி உண்டு. அது ரோட்டு அகலத்தைப் பொறுத்தது. 2019 விதிப்படி 9 மீட்டர் ரோடு என்றால் 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50.

அதே மனை 12 மீட்டர் ரோட்டில், அதாவது 40 அடி ரோட்டில் இருந்தால் 26,880 அடி எழும்பும். செலவு 8 கோடியே 6 லட்சம். விற்க 12,480 அடி, வரவு 12 கோடியே 48 லட்சம். 4 கோடியே 42 லட்சம் மிச்சம்! இரண்டு தெரு தள்ளி இருக்கும் குறுகிய சந்தில் ஒரு பில்டரும் எட்டிப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

புறநகரில் அடி 6,000-க்குத்தான் போகும் என்றால் 40 அடி ரோடு இருந்தும் நஷ்டம்தான்.

அந்த 4 கோடியே 42 லட்சமும் பில்டர் பாக்கெட்டுக்குப் போகாது. பிரிமியம் கட்டணம், வட்டி, வரி எல்லாம் அதில்தான். 12 குடும்பத்துக்கு மாதம் 25,000 வாடகை என்றால் இரண்டு வருஷத்தில் 72 லட்சம்.

அள்ளித் தருகிறாரா?

"1,200-க்கு 1,440 அடி தர்றேன்" என்று ஒருவர் வருகிறார். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். 20 சதவீதம் கூட! ஆனால் பில்டர் விற்க 9,600 அடிதான் மிஞ்சும். வரவு 9 கோடியே 60 லட்சம். கட்டுமானமும் வாடகையும் போக 82 லட்சம்தான் நிற்கும். பிரிமியம் கட்டணம் எங்கிருந்து வரும்? வட்டி எங்கிருந்து வரும்? இப்படிப்பட்டவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும். பாதியில் பணம் தீர்ந்தால் நடுத்தெருவில் நிற்பது பழைய வீட்டுக்காரர்கள்தான்.

இன்னொரு வில்லங்கம்: அனுமதிக்கு மேல் கட்டிய பழைய கட்டிடங்கள் ஊரில் ஏராளம். "இப்ப இருக்கிற அளவு அப்படியே வேணும்" என்று நின்றால் பில்டர் பங்கு இன்னும் சுருங்கும்.

கையெழுத்துக்கு முன் வரவு செலவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் யோசியுங்கள். இரண்டு வருஷ வேலை மூன்று வருஷம் இழுத்தால் வாடகை மட்டும் இன்னொரு 36 லட்சம். அது யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?