மாரோவிண்ட்: எந்தப் பதிப்பு நல்லது? எவ்வளவு திருத்தலாம்?

(இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறி அறிவியல், நாவலூர்)

பழைய நூல் ஒன்றைப் படிக்க விரும்புகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்தப் பதிப்பு?' என்பதாகும். நம் கல்லூரித் தமிழ்த்துறை நண்பர்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, கைக்குக் கிடைத்த முதல் ஏட்டை அப்படியே அச்சுக்கோக்கக் கொடுத்துவிடவில்லை. பல சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராய்ந்து, அதன் பிறகே பாடத்தை முடிவு செய்தார். இதே கேள்வி கணிப்பொறி விளையாட்டுக்கும் பொருந்தும் என்று நான் சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகெங்கும் ஆடப்பட்டு வருகிற ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் நல்ல பதிப்பு எது, அதில் நாம் எவ்வளவு கைவைக்கலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

விளையாட்டின் இயல்பு

அவ்விளையாட்டின் பெயர் 'மாரோவிண்ட்'. அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனம் 2002ஆம் ஆண்டு மே மாதத்தில் இதை வெளியிட்டது. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் வரிசையில் இது மூன்றாவது. பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்ற வகையைச் சேர்ந்தது. அதாவது, ஆடுகிறவன் தனக்கென ஒரு பெயரும் குலமும் தொழிலும் தேர்ந்துகொண்டு, அந்த ஆளாகவே கதைக்குள் வாழ வேண்டும்.

கதை எளிமையாகத் தொடங்குகிறது. கைதி ஒருவன் கப்பலில் வந்து, செய்டா நீன் என்னும் சிறு துறைமுக ஊரில் விடுதலை செய்யப்படுகிறான். பால்மோரா என்னும் ஊரிலுள்ள ஒருவரிடம் சேர்க்க வேண்டிய பொட்டலம் ஒன்று அவனிடம் தரப்படுகிறது. அவ்வளவுதான். எங்கே போவது, எப்படிப் போவது என்பதெல்லாம் அவன் பாடு. நம் ஊரில் பேருந்து ஏறுவது போல அங்கே ஒரு பெரும் பூச்சியின் முதுகில் காசு கொடுத்து ஏறிப் பயணம் செய்யலாம், நடந்தும் போகலாம்.

வழி காட்டும் அம்புக்குறி இதில் கிடையாது. சந்திக்கும் மனிதர்கள் வாயால் வழி சொல்வார்கள்; அதைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலை அகலப்படுவதற்கு முன் நாவலூரில் வழி கேட்டால், பெரியவர்கள் ஏரிக்கரையைச் சொல்வார்கள், வேப்பமரத்தைச் சொல்வார்கள், அதற்கடுத்த டீக்கடையைச் சொல்வார்கள். மாரோவிண்டின் மக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதில் உரையாடலின் பெரும்பகுதி குரலாக அன்றி எழுத்தாகவே வருகிறது. எனவே இதை ஆடுவது ஏறக்குறைய ஒரு பெரிய நாவலைப் படிப்பதற்கு ஒப்பாகும். இந்தச் செய்தியை நினைவில் கொள்க. பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

பதிப்புகள்

2002இல் வந்த முதல் பதிப்பைத் தொடர்ந்து, 'டிரிபியூனல்' என்னும் இணைப்பு அதே ஆண்டு நவம்பரிலும், 'பிளட்மூன்' என்னும் இணைப்பு 2003 ஜூனிலும் வெளிவந்தன. மூன்றையும் ஒன்றாக்கி, 2003 அக்டோபரில் 'கேம் ஆஃப் தி இயர்' பதிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கான பதிப்பும் உண்டு. ஆனால் அதில் நாம் எதையும் சேர்க்கவோ திருத்தவோ வழியில்லை. விண்டோஸ் பதிப்போடு 'கன்ஸ்ட்ரக்ஷன் செட்' என்னும் கருவியையும் நிறுவனமே கொடுத்தது. ஊர், ஆள், உரையாடல், பொருள் யாவற்றையும் மாற்றவும் புதிதாகப் படைக்கவும் உதவும் கருவி அது. இவ்விளையாட்டு இன்றளவும் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கருவியே முதற்காரணம் என்பது என் கருத்து.

ஆகவே முதல் கேள்விக்கு விடை தெளிவு: விண்டோஸ் கணிப்பொறிக்கான 'கேம் ஆஃப் தி இயர்' பதிப்பே வாங்கத் தக்கது. இணையக் கடைகளில் இன்றும் அதுவே விற்கப்படுகிறது.

இரண்டு எஞ்சின்கள்

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டு என்பது இரண்டு பகுதிகளால் ஆனது. ஒன்று சரக்கு: ஊர்கள், ஓவியங்கள், உரையாடல்கள், இசை. மற்றொன்று அச்சரக்கைப் படித்துத் திரையில் நடத்திக் காட்டும் எஞ்சின். நாடகத்தில் பிரதி வேறு, அரங்கமும் விளக்கும் வேறு என்பதைப் போல. பிரதியை மாற்றாமலே அரங்கத்தை மாற்றலாம் அல்லவா?

முதல் வழி, பெதஸ்தாவின் பழைய எஞ்சினையே வைத்துக்கொள்வது. அதன் குறைகளைப் போக்க 'மாரோவிண்ட் கோட் பேட்ச்' என்னும் ஒட்டுத் திருத்தமும், தொலைவிலுள்ள மலைகளும் கட்டடங்களும் தெரிவதற்கு 'எம்.ஜி.இ. எக்ஸ்.இ.' என்னும் துணை நிரலும் உள்ளன. இரண்டும் ஆர்வலர்கள் ஆக்கியவை.

இரண்டாவது வழி, 'ஓப்பன் எம்.டபிள்யூ.' என்னும் புதிய எஞ்சின். ஆர்வலர்கள் 2008இல் இதைத் தொடங்கி, அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள். மூலநிரல் யாவருக்கும் திறந்தது, விலையில்லாதது, விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஓடும். ஆனால் இதில் சரக்கு இல்லை. விலை கொடுத்து வாங்கிய மூலப் பதிப்பின் கோப்புகளை நாமே தர வேண்டும். இதுதான் முறையும் ஆகும்.

எதைத் தேர்வது? பழைய எஞ்சினுக்கென்றே எழுதப்பட்ட சில திருத்தங்கள் புதியதில் இயங்கா. அவற்றை விரும்புகிறவர்கள் முதல் வழியில் செல்லட்டும். மற்றவர்களுக்கு, குறிப்பாக லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் அரசிடமிருந்து பெற்ற விலையில்லா மடிக்கணினியில், தொலைவுக் காட்சியை அணைத்துவிட்டு, இதைத் தடங்கலின்றி ஆடியிருக்கிறேன். 2002இல் இவ்விளையாட்டு கேட்டதே 500 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் III செயலியும் ஒரு ஜிகாபைட் வட்டு இடமும்தான். விலை உயர்ந்த கணிப்பொறி இல்லையே என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

எவ்வளவு திருத்தலாம்?

'மாட்' எனப்படும் திருத்தக் கோப்புகள் இவ்விளையாட்டுக்கு ஆயிரக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் கிடைப்பது மாரோவிண்ட் ஆகாது. எனவே ஓர் அளவுகோல் வேண்டும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குச் சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். கடல் அரித்துவிடாதபடி முன்னே பாறைகளைக் கொட்டித் தடுப்பு அமைத்திருக்கிறார்கள். ஆனால் உப்புக் காற்றில் முகம் தேய்ந்த சிற்பத்துக்குப் புது மூக்கு வைக்கவில்லை. நாம் கொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே: படைப்பை நாம் அடையவொட்டாமல் தடுப்பதைத் திருத்து; படைத்தவர் எண்ணிச் செய்ததைத் தொடாதே.

இந்த அளவுகோலின்படி முதலில் வைக்க வேண்டியது 'பேட்ச் ஃபார் பியூரிஸ்ட்ஸ்'. எழுத்துப் பிழைகளையும், முடிக்க முடியாமல் தொங்கும் பணிகளையும், இடம் தவறிய பொருள்களையும் இது சரிசெய்கிறது. தன் சொந்தச் சரக்கை நுழைப்பதில்லை. நல்ல பதிப்பாசிரியர் செய்யும் வேலை இது.

மாறாக, வாளை வீசினால் ஒவ்வொரு வீச்சும் படும்படி ஆக்கும் மாட் ஒன்றை முதல் நாளே சேர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். புதியவர்கள் பெரிதும் குறை கூறுவது இதைத்தான்: எதிரி கண்ணெதிரே நிற்கிறான், வாள் அவன்மேல் படுவது போலவே தெரிகிறது, ஆனால் அடி விழவில்லை! இது பிழையன்று. ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே ஒரு பகடை உருள்கிறது. வாட்பயிற்சி குறைவாக இருந்தாலும், ஓடிக் களைத்திருந்தாலும் குறி தவறும். கப்பலிலிருந்து இறங்கிய கைதி முதல் நாளிலேயே பெருவீரன் ஆகிவிடக் கூடாது என்பது படைத்தவர் எண்ணம். பயிற்சி ஏற ஏற, அதே எதிரி ஒரே வீச்சில் விழும்போது உண்டாகும் மகிழ்ச்சியை அந்த மாட் பறித்துவிடும். வழி காட்டும் அம்புக்குறியைச் சேர்ப்பதும் அத்தகையதே.

இனி, சேர்க்கும் முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

1. மூல விளையாட்டை நிறுவிய பின் அந்தக் கோப்புறையில் கைவைக்காதீர்கள். ஓப்பன் எம்.டபிள்யூ.வில் திருத்தங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, அதன் இருப்பிடத்தை மட்டும் சொன்னால் போதும். மூலம் மூலமாகவே இருக்கும்.

2. வரிசை முக்கியம். ஒரே ஆளையோ பொருளையோ இரண்டு மாட்கள் மாற்றினால், பட்டியலில் பின்னால் நிற்பதே வெல்லும்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்த்து, சிறிது ஆடிப் பார்த்த பின்பே அடுத்ததற்குச் செல்க. பத்தை ஒன்றாகச் சேர்த்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிப்பது அரிது.

4. கதை நடுவில் ஒரு மாட்டை எடுத்துவிடாதீர்கள். நீங்கள் சேமித்த ஆட்டம் அதைச் சார்ந்து நிற்கும்.

5. மூலத்தை ஒருமுறை ஆடித் தேர்ந்தபின், 'டாம்ரியல் ரீபில்ட்' என்னும் பெருந்திட்டத்தைச் சேர்க்கலாம். மூல விளையாட்டில் இல்லாத பெருநிலப்பரப்பை ஆர்வலர்கள் பல்லாண்டுகளாகப் பகுதி பகுதியாகப் படைத்து வருகிறார்கள்.

தமிழில் ஆட முடியுமா?

இதுவரை சொன்னது முன்னுரை என்றே கொள்ளலாம். நான் சொல்ல விரும்பும் முக்கியச் செய்தி இனிமேல்தான் வருகிறது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி இவ்விளையாட்டை ஆசையோடு தொடங்கினான். அரைமணி நேரத்தில், "அண்ணா, இந்த ஆள் என்னதான் சொல்றான்? நீயே படிச்சுச் சொல்லு" என்று என்னிடம் வந்தான். நான் வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவன் ஆடினான். நான் கல்லூரிக்கு வந்துவிடும் நாட்களில் விளையாட்டு அப்படியே நிற்கும். அவனுக்கு அறிவுக் குறைவு இல்லை, கணிப்பொறியும் குறைவில்லை. மொழி ஒன்றே தடை. சிறுசேரி மென்பொருள் பூங்காவின் நிழலில் வளரும் பிள்ளைக்கே இந்நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? நம் அளவுகோலின்படி, படைப்பை அடையவொட்டாமல் தடுப்பதைத் திருத்த வேண்டும். அப்படியானால் நமக்கு முதல் திருத்தம் எது? படத்தை மெருகேற்றுவதா, தமிழாக்குவதா?

ரஷ்ய, போலிஷ் மொழிகளில் இவ்விளையாட்டு உண்டு. தமிழுக்கு என்ன இடர்ப்பாடு? முதலாவது, எழுத்து. பழைய எஞ்சினில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். மொத்தம் 256 இடங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போகும். இன்றைய யூனிகோடு முறையில் 'கெ' என்பதற்குக் ககரம் முதலிலும் கொம்பு பின்னும் பதியப்படுகின்றன. திரையில் மட்டும் கொம்பு முன்னே வர வேண்டும். இந்த இடமாற்றம் பழைய எஞ்சினுக்குத் தெரியாது. ஆனால் யூனிகோடு பரவுவதற்கு முன், 1990களின் இறுதியில், இணையத் தமிழர்கள் உருவாக்கிய 'திஸ்கி' முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பும் எழுத்தும் பதியப்பட்டன. அதுவும் ஒரு பைட் முறையே. முதல் 128 இடங்களில் ஆங்கிலம், அடுத்த 128இல் தமிழ். பயன் முடிந்ததென்று நாம் ஒதுக்கிவிட்ட அந்த ஏற்பாடு, இந்தப் பழைய எஞ்சினுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது. விளையாட்டின் எழுத்துருக் கோப்பில் திஸ்கி வரிசைப்படி தமிழ் எழுத்துக்களை வரைந்து வைத்தால், கொள்கையளவில் தமிழ் தெரியத் தடையில்லை.

இரண்டாவது இடர்ப்பாடு இலக்கணம். இவ்விளையாட்டில் ஒருவர் பேசும்போது சில சொற்கள் நிறம் மாறித் தெரியும். அச்சொல்லைத் தொட்டால் அதைப்பற்றி மேலும் கேட்கலாம். எஞ்சின் தன் பட்டியலிலுள்ள சொல்லை வாக்கியத்தில் தேடிக் கண்டுபிடித்து நிறம் மாற்றுகிறது. ஆங்கிலத்தில் இது எளிது. தமிழிலோ 'மரம்' என்பது 'மரத்தில்' என்றும், 'ஆறு' என்பது 'ஆற்றை' என்றும் திரிந்துவிடும். எஞ்சின் திகைத்து நிற்கும். வேற்றுமை உருபேற்றுச் சொற்கள் திரியும் ரஷ்ய மொழிக்கும் இதே தொல்லை இருந்தது. வாக்கியத்திலேயே அச்சொற்களை அடையாளக் குறிகளுக்குள் அடைத்து, எந்த வடிவம் எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று தனிப் பட்டியலும் கொடுத்து அவர்கள் அதைத் தீர்த்தார்கள். ஓப்பன் எம்.டபிள்யூ.வும் அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்கிறது. ரஷ்யர்கள் சென்ற பாதையில் தமிழும் செல்லலாம்.

மூன்றாவது இடர்ப்பாடு அளவு. உரையாடல்களும், கதைக்குள் படிக்கக் கிடைக்கும் நூல்களும் சேர்ந்து பெருங்கடலாக விரிகின்றன. ஒருவரால் ஆகாது. ஆனால் செய்டா நீன் என்னும் ஒரு சிற்றூரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். தம்பிக்காக நான் மொழிபெயர்த்துச் சொன்னவற்றை அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். நாற்பது பக்கம் நிரம்பிவிட்டது. வெளியிடும்போது மூலக் கோப்புகளைப் படியெடுத்துக் கொடுக்காமல், திருத்தக் கோப்பை மட்டும் கொடுப்பதே நேர்மை. மூலத்தை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தமிழ்த்துறை நண்பர்களே! உங்களுக்கு மொழி தெரியும். பாடபேதம் என்றால் என்னவென்று தெரியும். எங்களுக்கு நிரல் தெரியும். இரு துறைகளும் வராந்தாவின் இரு கோடிகளில் இருந்தாலும் இந்த வேலை இரண்டுக்கும் பொதுவானது. செய்டா நீனில் கப்பலை விட்டு இறங்கும் முன்பே கைதியிடம் ஒருவர் பெயர் கேட்கிறார். அந்த முதற்கேள்வியைத் தமிழில் எப்படிக் கேட்பது, 'உன் பெயர் என்ன' என்றா, 'உங்கள் பெயர் என்ன' என்றா? கைதியை அவர் எப்படி மதிக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாட்டை முடிவு செய்வதிலிருந்தே நாம் வேலையைத் தொடங்கலாம்.