வீட்டிலிருந்தே படிக்கலாமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் குடியிருப்புகளில் பல வீடுகளில் ஒரே பேச்சு: "காலேஜுக்கு அனுப்ப வசதி இல்ல. தபால்ல ஒரு டிகிரி படிக்கட்டும்." அப்படி முடிவெடுக்கும் முன் கொஞ்சம் கணக்குப் பாருங்கள்.

அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தால் இந்தத் தொகை கிடையாது, விடுதியும் கிடையாது. செலவு குறையும் என்று நினைத்துக் கையில் வரவேண்டியதை இழந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. ஆசிரியர், நூலகம், போட்டித் தேர்வு பற்றிப் பேசும் நண்பர்கள் எல்லாம் கல்லூரியில்தான். வீட்டில் இருந்தால், "சும்மாதானே இருக்கே" என்று களையெடுக்கவும் சமைக்கவும் கூப்பிடுவார்கள். புத்தகம் பிரிக்காமலே கிடக்கும்.

அப்படியானால் தொலைநிலைக் கல்வி யாருக்கு? வேலைக்குப் போகிறவர்களுக்கு, கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு, பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு. 1946-ல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கிய அம்பேத்கர், வேலை பார்ப்பவர்களும் படிக்கட்டும் என்றே காலை நேர வகுப்புகள் வைத்தார். உழைத்துக்கொண்டே படிப்பது நமக்குப் புதிதல்ல.

சேரும் முன் இவற்றைப் பாருங்கள்:

* பல்கலைக்கழகம் மட்டுமல்ல, நீங்கள் சேரும் பாடத்துக்கும் அந்த ஆண்டு அனுமதி உண்டா என யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பாருங்கள். ஏஜென்ட் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முறையான அங்கீகாரம் இருந்தால் அந்தப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணை என 2022-ல் யுஜிசி அறிவித்துள்ளது.
* பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் வாங்கும் பட்டம் டிஎன்பிஎஸ்சி வேலைக்கு உதவாது.
* பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தபாலில் படிக்க முடியாது.
* குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உங்கள் படிப்புக்குக் கிடைக்குமா என மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.
* தொடர்பு வகுப்பும் தேர்வு மையமும் எந்த ஊரில்? பஸ் செலவு எவ்வளவு? தினம் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று கிடைக்குமா?

கடைசிக் கேள்விக்கு வீட்டாரும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் பட்டம் கைக்கு வரும்.