ஸ்கேனுக்குப் போகுமுன்



வயிற்று ஸ்கேனுக்கு வருகிற ஏழை நோயாளி காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால், பரிசோதனை மறுநாளுக்குத் தள்ளிப்போகும். அன்றையக் கூலியும் பஸ் சார்ஜும் வீண். சாப்பிட்டவுடன் பித்தப்பை சுருங்கிவிடும். உள்ளிருக்கும் கல் தெளிவாய்த் தெரியாது. ஆகையால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறாயிருக்க வேண்டும்.

கர்ப்பப்பையைப் பார்ப்பதற்கோ, 1 மணி நேரத்துக்கு முன் 4 டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி வரவேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கி, படம் தெளிவாய் விழ உதவும்.

சர்க்கரை நோயாளிகள் பட்டினியோடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். முன்தினமே மருத்துவரைக் கேட்பது அவசியம்.

எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டு மட்டும் போதாது. உங்கள் சபையில் ஸ்கேனுக்குப் புறப்படுகிறவர்களுக்கு இதை வாயால் சொல்லுங்கள். அதுவும் ஒரு காணிக்கையே.