கஞ்சியும் உமியும்: பால் மறந்த பன்றிக்குட்டியின் வயிறு

போன எபிசோட்டில பன்றித் தொழுவ சென்சர்களைப் பற்றிக் கதைச்சோம். பிறகு வந்த ஒரு கேள்வி: "குட்டிக்கு வயிற்றோட்டம் எண்டு சென்சர் சொல்லுது, சரி. அது ஏன் வருது?" பதில் கோட்டில இல்லை, தீனியில இருக்கு.

இது எங்களுக்குத் தூரத்து விஷயமும் இல்லை. கனடாவில அதிகம் பன்றி வளர்க்கிற மாகாணம் கியூபெக். லாசாலில இருந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் சான்-இயசாந்த். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் அங்கதான் இருக்கு.

இயற்கையில் குட்டிகள் மூன்று மாதமளவில் மெல்ல மெல்லத்தான் பால் மறக்கும். பண்ணையில் சுமார் 21 நாளில், ஒரே நாளில் தாயிடமிருந்து பிரிச்சுத் தீனிக்கு மாத்துறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் புரொடக்‌ஷனில கை வைக்கிற மாதிரித்தான்.

முதல் ஓரிரு நாள் குட்டி சரியாகச் சாப்பிடாது. சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சுகிற நுண்ணிய முளைகள் குறுகிவிடும். செமிக்காத புரதம் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பக்டீரியா அதை அமோனியா போன்ற கழிவுகளாக மாற்றும். இந்த நேரம் பார்த்து சிறுகுடலில் ஈ. கோலை பெருகினால், குட்டி நீரிழந்து செத்தும் போகலாம்.

முன்பெல்லாம் தீனியில் அன்ரிபயோட்டிக்கும் நாக ஒட்சைட்டும் கலந்து சமாளித்தார்கள். ஆனால் 2015 இல் சீனாவில் பன்றிகளிலும் மனிதரிலும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரிகளில் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தையே அது தோற்கடிக்கும். 2018 டிசம்பர் 1 முதல் கனடாவில், மனித மருத்துவத்துக்கு முக்கியமான அன்ரிபயோட்டிக்குகளை மிருகங்களுக்குக் கொடுக்க மிருக வைத்தியரின் சீட்டு வேணும். மண்ணில் சேரும், எதிர்ப்புள்ள கிருமிகளை வளர்க்கும் என்பதால், மருந்தளவு நாக ஒட்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது.

அப்ப மிச்சம் என்ன? தீனிதான். அதில நார்ச்சத்தும் ஒன்று. ஆனால் "நார்ச்சத்து நல்லது" எண்டு பொதுவாகச் சொல்லிவிட ஏலாது.

அவுஸ்திரேலியாவின் பேர்த்தில் உள்ள மேர்டொக் பல்கலைக்கழகத்தினர் பால் மறந்த குட்டிகளுக்கு அவிச்ச சோற்றுத் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். 2001 இல் வெளியான ஆய்வில், அந்தத் தீனியில் பசை போலத் தடிக்கிற, நொதிக்காத ஒரு நாரைச் சேர்த்தபோது ஈ. கோலை கூடிப் பெருகியது. குடலில் உள்ளது தடிச்சுத் தேங்கினால் கிருமிக்கு வசதி. 2008 இல் வெளியான இன்னொரு ஆய்வில், அரிசித் தீனியில் கொஞ்சம் ஓட்ஸ் உமியைச் சேர்த்தார்கள். வயிற்றோட்டமும் குறைஞ்சுது, புரதம் நொதிக்கும் அடையாளங்களும் குறைஞ்சுது. உமி கரையாது, தடிக்காது. குடலில் உள்ளதைத் தள்ளிக்கொண்டு போகும்.

சீனிபீட் சக்கை போன்ற நொதிக்கிற நார் மூன்றாவது ரகம். பெருங்குடல் பக்டீரியா அதைத் தின்று பியூட்ரிக் போன்ற அமிலங்களை உண்டாக்கும். குடற்சுவரின் கலங்களுக்கு அதுதான் சாப்பாடு. ஆனால் நார் அளவுக்கு மிஞ்சினால் குட்டிக்குச் சக்தி போதாது, வளர்ச்சி குறையும்.

ஆகவே தீனிப் பையில் நார்ச்சத்து எத்தனை வீதம் எண்டு மட்டும் பார்த்தால் போதாது. கரையுமா, தடிக்குமா, நொதிக்குமா, குட்டிக்கு எத்தனை நாள் வயது எண்டு கேட்கவேணும். வயிற்றோட்டம் வந்த பிறகுதான் சென்சர் சொல்லும். அதுக்கு முதலே செய்ய வேண்டியது இந்தக் கணக்கு.