உளி மழுங்கினால் விரலுக்கு ஆபத்து!

கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் திரும்பின இடமெல்லாம் லேத் பட்டறைதான். ஆனால் இரும்பு கடைந்து பழகியவர்கள், பொழுதுபோக்காக மரம் கடைய இறங்கினால் உஷாராக இருக்கணும். இரும்பு லேத்தில் டூலைப் பிடிப்பது டூல் போஸ்ட். மர லேத்தில் உளியைப் பிடிப்பது நம்ம கை!

கூரான உளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவும். சுருள் வராமல் தூள் கொட்டினால் உளி மழுங்கிடுச்சு என்று அர்த்தம். அப்போது அழுத்திக் கடைந்தால், சுழலும் மரம் உளியைக் கவ்வித் தூக்கி வீசிடும்.

உடனே லேத்தை நிறுத்திவிட்டு சாணை பிடிக்கணும். பழைய சாய்வு மாறாமல் லேசாகத் தொட்டாலே போதும். கார்பன் ஸ்டீல் உளியை அடிக்கடி தண்ணீரில் முக்கணும். சுமார் 300 டிகிரி சூட்டில் முனை நீலமானால் பதம் போச்சு! ஹைஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரி வரை தாங்கும்.

சாணையோ, கடைசலோ, கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் கிட்டப் போகாதீங்க.